வீடு வாங்கும்போது உங்க பக்கம் நிற்க ஒரு ஏஜென்ட்

வீடு பார்க்கப் போகும்போது சாவியோடு கூட வருகிறாரே, அந்தப் புரோக்கர் யாருடைய ஆள்? நம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வெயிலில் அலைந்து நாலு வீடு காட்டுகிறார், டீ வாங்கித் தருகிறார், "உங்களுக்காக ஓனர்கிட்ட பேசிக் குறைச்சுத் தரேன் சார்" என்கிறார். நம்ம ஆள்தான் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் விற்றுத் தரச் சொல்லி அவர் கையில் சாவியைக் கொடுத்தவர் ஓனர். புதிய அடுக்குமாடி என்றால் அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் பில்டர். விலை கூடக்கூட அவருடைய கமிஷனும் கூடும். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் தன் வேலையைச் செய்கிறார். அந்த மேஜையில் உங்களுக்காகப் பேச யாரும் இல்லை என்பதுதான் விஷயம்.

அப்படிப் பேச ஒருவரை நீங்களே அமர்த்திக்கொள்ளலாம். வாங்குபவர் தரப்பு ஏஜென்ட் என்று அவரைச் சொல்லலாம். அவர் விற்பவரிடம் ஒரு பைசாவும் வாங்குவதில்லை. கட்டணம் உங்களிடம் மட்டும். அதனால் "இந்த வீடு வேண்டாம், விடுங்க" என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது. வீடு வாங்கும்போது நமக்குக் கிடைக்கிற உதவிகளிலேயே அந்த ஒரு வார்த்தைதான் ரொம்ப விலை உயர்ந்தது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இது பழைய தொழில். அங்கே விற்பவருக்கு ஒரு ஏஜென்ட், வாங்குபவருக்கு ஒரு ஏஜென்ட் என்பது வழக்கம். இருந்தாலும் இரண்டு பேருக்குமான கமிஷன் பெரும்பாலும் விற்பவர் கையிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் வாங்குபவரின் ஏஜென்ட் உண்மையில் யாருக்கு விசுவாசமாக இருப்பார் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. அங்குள்ள தேசிய ரியல்டர்கள் சங்கம் வழக்கில் சமரசம் செய்துகொண்டு, 2024 ஆகஸ்ட் 17 முதல் விதியை மாற்றியது. அந்தச் சங்கத்தின் ஏற்பாட்டில் வேலை செய்கிற ஏஜென்ட், வாங்குபவருக்கு ஒரு வீட்டைக் காட்டுவதற்கு முன்பே கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் அப்படிச் செய்வதற்குத் தடையும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016. சுருக்கமாக ரெரா. கமிஷன் வாங்கிக்கொண்டு மனை அல்லது அடுக்குமாடி வீட்டை வாங்கவோ விற்கவோ ஒருவர் சார்பில் பேசுபவர் எல்லோரையும் இந்தச் சட்டம் 'ஏஜென்ட்' என்றே பார்க்கிறது. புரோக்கர், மீடியேட்டர், டீலர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி. ரெராவில் பதிவான திட்டத்தில் வீடு வாங்கித் தருகிற ஏஜென்ட், தானும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வீதம், வீட்டு விலையில் 5% வரை அபராதம் விதிக்க முடியும்.

தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு பெற்ற திட்டங்களின் பட்டியலும், பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியலும் இருக்கின்றன. செல்போனிலேயே பார்க்கலாம். விசிட்டிங் கார்டில் ரெரா எண் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. அந்த எண்ணை இணையதளத்தில் தேடி, பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா, பதிவுக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஏற்கனவே ஒருவர் குடியிருக்கிற பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கும்போது ரெரா பெரும்பாலும் உங்களுக்குத் துணைக்கு வராது. 500 சதுர மீட்டருக்கும் 8 வீடுகளுக்கும் உட்பட்ட சிறிய கட்டுமானங்களுக்கும் ரெரா பதிவு தேவையில்லை. அங்கெல்லாம் உங்களுக்குக் கை கொடுப்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பழைய சட்டம்தான், ஆனால் ஏஜென்ட் விஷயத்தில் ரொம்பத் தெளிவாகப் பேசுகிறது. உங்கள் சார்பில் நியமிக்கப்பட்ட ஏஜென்ட், உங்களுக்குத் தெரியாமல் அதே வியாபாரத்தைத் தனக்காகச் செய்து ஆதாயம் பார்த்தால், அந்த ஆதாயத்தை அவரிடமிருந்து நீங்கள் கேட்டு வாங்கலாம் (பிரிவு 216). தவறாக நடந்துகொண்ட ஏஜென்டுக்கு, அந்த வேலைக்கான கூலி கேட்கும் உரிமை கிடையாது (பிரிவு 220). இந்த இரண்டு பிரிவுகளையும் பிடித்துக்கொள்ள வேண்டுமானால், அவர் 'உங்கள் ஏஜென்ட்' என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு நிரூபிப்பது கஷ்டம்.

சரியான விலை எது?

"இந்த ஏரியால இதுதான் சார் ரேட்." இதை எத்தனை பேர் எத்தனை முறை கேட்டிருப்போம்! அந்த ரேட்டைச் சொன்னது யார்? பக்கத்து வீட்டை விற்கக் காத்திருக்கிற இன்னொரு ஓனர். இணையத்தில் போடுகிற விளம்பரமும் அப்படித்தான், அது கேட்கிற விலை. கொடுத்த விலை வேறு.

கொடுத்த விலையைத் தெரிந்துகொள்ள நம் மாநிலத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. வில்லங்கச் சான்று என்றாலே கடன் இருக்கா, அடமானம் இருக்கா என்று பார்க்கத்தான் என்று நினைக்கிறோம். பதிவுத் துறையின் இணையதளத்தில் ஒரு சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அதே குடியிருப்பில் ஆறு மாதம் முன்னால் ஒரு வீடு என்ன தொகைக்குப் பதிவாகியிருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். எல்லோரும் முழுத்தொகையையும் பத்திரத்தில் காட்டுவதில்லை என்பது ஊரறிந்த விஷயம், அதனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் பேரம் பேச உட்காரும்போது கையில் ஒரு ஆதாரம் இருக்கிறது. நல்ல ஏஜென்ட் என்றால் இந்த வேலையை நீங்கள் கேட்காமலே செய்துகொண்டு வருவார். "பி பிளாக்ல ரெண்டாவது மாடி இந்த விலைக்குப் போயிருக்கு, நம்ம வீடு அதைவிட ரெண்டு வருஷம் பழசு" என்று அவர் ஓனரிடம் பேசுவதற்கும், நாம் போய் "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது பரப்பளவு. இதில்தான் படித்தவர்களும் கோட்டை விடுகிறார்கள். ஒரு உதாரணக் கணக்கு. முதல் வீடு 1,000 சதுர அடி, சதுர அடி 6,000 ரூபாய், மொத்தம் 60 லட்சம். இரண்டாவது வீடு 950 சதுர அடி, சதுர அடி 6,300 ரூபாய், மொத்தம் 59,85,000. முதல் வீடுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் இந்த 1,000-மும் 950-மும் 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கு. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் பங்கு போட்டுச் சேர்த்த எண். சுவருக்குள்ளே நீங்கள் கட்டில் போட்டு, பீரோ வைத்துப் புழங்கப் போவது கார்பெட் ஏரியாவில். முதல் வீட்டில் அது 720, இரண்டாவதில் 740 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வகுத்துப் பாருங்கள். முதல் வீடு சதுர அடிக்கு சுமார் 8,333 ரூபாய். இரண்டாவது சுமார் 8,088 ரூபாய். விலை அதிகம் என்று ஒதுக்கிய வீடுதான் மலிவு. ரெரா சட்டப்படி பதிவான திட்டங்களில் கார்பெட் ஏரியாவைச் சொல்லியாக வேண்டும். சொல்வார்கள், பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். அதைத் தோண்டியெடுத்து உங்கள் முன்னால் வைப்பது உங்கள் ஏஜென்டின் வேலை.

கூடவே யூடிஎஸ், அதாவது உங்கள் பெயரில் வரப்போகிற பிரிக்கப்படாத நிலப் பாகம். கட்டிடம் பழசாகப் பழசாக மதிப்பு இறங்கும், நிலத்தின் மதிப்பு ஏறும். முப்பது வருஷம் கழித்து மறுகட்டுமானம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். எல்லா வீடுகளின் யூடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த மனையின் அளவு வர வேண்டும். கூடுதலாக வந்தால் எங்கேயோ தப்பு நடக்கிறது, குறைவாக வந்தால் மீதி நிலத்தை யாரோ தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மே மாதம் பார்த்த வீடு

சென்னைப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் பார்த்தால் எல்லாத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வேளச்சேரி பக்கமெல்லாம் என்ன ஆனது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை சுற்றுவட்டாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். விற்பவரின் புரோக்கர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், சொல்லவும் அவருக்கு அவசியமில்லை. உங்கள் ஏஜென்ட் எதிர்க்கடையில் விசாரிப்பார். தரைத்தளத்து மின்மீட்டர் பெட்டியை எந்த உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். காம்பவுண்டு சுவரில் புதுப் பெயின்ட் இடுப்பளவு மட்டும் அடித்திருந்தால் ஏன் என்று கேட்பார்.

தண்ணீர் வெள்ளமாக வருவது ஒரு பிரச்சினை என்றால், வராமலே இருப்பது இன்னொரு பிரச்சினை. ஏப்ரலில் எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறார்கள், அதற்கு வீட்டுக்கு எவ்வளவு வசூல், குடியிருப்போர் சங்கத்தில் இந்த வீட்டுக்குப் பராமரிப்பு பாக்கி இருக்கிறதா, லிஃப்ட் மாற்ற ஒரு பெரிய தொகை கேட்கப் போகிறார்களா... வாட்ச்மேனிடம் பத்து நிமிடம் நின்று பேசினால் பாதி தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை விற்பவரின் புரோக்கரோடு போகும்போது நம்மால் எடுக்க முடிவதில்லை, அவர் அடுத்த வீட்டுக்கு அவசரப்படுத்துவார்.

ஆவணங்கள்: செல்போனில் தெரிவதும் தெரியாததும்

இன்றைக்கு நிறைய விஷயம் உங்கள் கையிலேயே இருக்கிறது. வில்லங்கச் சான்றையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத் துறை இணையதளத்தில் பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் இருந்தால் போதும். "அப்போ ஏஜென்ட் எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது நியாயம்.

வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரங்கள் மட்டும்தான் வரும். பதிவு செய்யாத உயில் வராது. வெளியூரில் இருக்கிற தங்கைக்கு அப்பா சொத்தில் பங்கு உண்டு என்பது வராது. நீதிமன்றத்தில் நடக்கிற வழக்கு எல்லாமே அதில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. பத்திரங்களில் வருகிற பெயர்களை வரிசையாக எழுதி, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று பார்த்தால் இடைவெளி எங்கே இருக்கிறது என்று தெரியும். தாய்ப்பத்திரத்தில் நாலு பிள்ளைகள், விற்பனைப் பத்திரத்தில் மூணு கையெழுத்து. இப்படிப்பட்ட இடத்தில் அனுபவமுள்ள ஏஜென்ட் நின்றுவிடுவார்.

நின்றுவிடுவார், அவ்வளவுதான். அதற்கு மேல் அது வழக்கறிஞரின் வேலை. ஏஜென்ட் "டாக்குமென்ட் எல்லாம் கிளியர் சார்" என்று சொன்னால் அது சட்டக் கருத்து ஆகிவிடாது. சொத்து சம்பந்தமான வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். அந்த வழக்கறிஞரை நீங்களே தேர்வு செய்யுங்கள். "பேங்க்ல லீகல் பார்த்துட்டாங்க, அதனால பயமில்ல" என்பதும் அரைகுறை ஆறுதல்தான். வங்கி தன் கடன் திரும்பி வருமா என்ற கண்ணோடு பார்க்கிறது.

பவர் பத்திரம் வைத்து விற்பவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் கைமாற்றிக்கொண்டு 'வீட்டை வித்துட்டேன்' என்பது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு முடிந்தது. அதனால் பவர் கொடுத்த ஓனரை ஒரு தடவையாவது நேரில், இல்லாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது பார்த்துப் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். "அவர் ரொம்ப பிஸி" என்ற பதில் தொடர்ந்து வந்தால், அந்த வீட்டை விட்டுவிடுவது நல்லது.

புது வீடு என்றால் திட்ட அனுமதி யார் கொடுத்தது என்று பாருங்கள். சென்னைப் பெருநகர் எல்லைக்குள் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி, அல்லது அவர்களிடம் அதிகாரம் பெற்ற உள்ளாட்சி அமைப்பு. அனுமதி வாங்கியது மூன்று மாடிக்கு, கட்டியிருப்பது நாலு என்றால் நீங்கள் வாங்கப் போவது எந்த மாடி என்பது பெரிய கேள்வி. அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி நடக்கிற ஏஜென்டை நம்பலாம்.

பில்டரோடு பேசும்போது

கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்றால் அவசரப்படுத்துவது வழக்கம். "இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் சார் ஆஃபர், இருபது பர்சென்ட் கட்டிட்டா இந்த ரேட்டை லாக் பண்ணிடலாம்." ரெரா சட்டத்தின் 13-ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன் வீட்டு விலையில் 10%-க்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. உங்கள் பக்கத்து ஏஜென்ட் கூட இருந்தால் இந்த வரியை அங்கேயே சொல்வார். பில்டரிடம் கமிஷன் வாங்குபவர் சொல்வது சந்தேகம்தான்.

ஒப்பந்தத்தில் தாமதம் பற்றிய பத்தியைக் கண்டிப்பாகப் படியுங்கள். நீங்கள் தவணை கட்டத் தாமதித்தால் கூடுதல் வட்டி, பில்டர் வீட்டைத் தரத் தாமதித்தால் சதுர அடிக்கு சில ரூபாய் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்த ஒப்பந்தம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சொன்ன தேதியில் வீடு கைக்கு வராவிட்டால், வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கவோ, வீட்டுக்காகக் காத்திருந்து மாதாமாதம் வட்டி வாங்கவோ ரெராவில் வழி உண்டு. வீட்டைக் கையில் வாங்கிய பிறகும், 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் இதையெல்லாம் பிறகு வழக்காடிப் பெறுவதைவிட, கையெழுத்துக்கு முன்பே அந்தப் பத்தியை மாற்றச் சொல்லிப் பேசுவது சுலபம். முதலில் "இது ஸ்டாண்டர்ட் ஃபார்மட், மாத்த முடியாது" என்பார்கள். விடாமல் கேட்டால் சில இடங்களில் மாற்றுகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு

60 லட்ச ரூபாய் என்று விலை ஒன்றாக இருந்தாலும், கடைசியில் கையை விட்டுப் போகும் தொகை ஒன்றாக இருக்காது. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. அதாவது 5,40,000 ரூபாய். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு. 50 லட்சம் வரை மொத்தம் 6%, அதற்கு மேல் 3 கோடி வரை 7%. அப்போது 4,20,000 ரூபாய். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் இதோடு 5% ஜிஎஸ்டி சேரும், அது 3 லட்சம். நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சென்னை போன்ற பெருநகரங்களில் 45 லட்சத்துக்கும், 60 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாவுக்கும் உட்பட்ட வீட்டுக்கு ஜிஎஸ்டி 1% மட்டும். தீர்வையைக் கணக்கிடும்போது நீங்கள் கொடுக்கும் விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். விகிதங்கள் அவ்வப்போது மாறுவதால், டோக்கன் போடும் முன் பதிவுத் துறை இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1% தொகையை டிடிஎஸ்ஸாகப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரான நீங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1% கணக்கு பொருந்தாது, பிடிக்க வேண்டிய தொகை பல மடங்கு அதிகம். பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் துறை உங்களைத்தான் கேட்கும், அவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். விற்பவர் எங்கே வசிக்கிறார் என்று முதல் சந்திப்பிலேயே கேட்கிற ஏஜென்ட் விவரமானவர். அப்படி என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கட்டணம் எப்படிப் பேசுவது?

நம் ஊரில் வழக்கம் சதவீதக் கணக்கு. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்பார்கள். என்னைக் கேட்டால், உங்கள் தரப்பு ஏஜென்டுக்குச் சதவீதம் பேசாதீர்கள். காரணம் எளிது. 60 லட்சத்தில் 1% என்றால் 60,000 ரூபாய். அவர் படாதபாடு பட்டு விலையை 2 லட்சம் குறைத்தால் உங்களுக்கு 2 லட்சம் மிச்சம், அவருக்கு 2,000 ரூபாய் நஷ்டம். உழைத்ததற்குத் தண்டனை! மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள், விலையைக் குறைத்தால் அதில் இவ்வளவு பங்கு என்று சேர்த்தும் பேசலாம். ஏஜென்ட் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் கட்டணத்தின் மேல் 18% வரும், அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிறகு ஒரே ஒரு பக்கம் எழுத்தில். என்ன ஏரியா, என்ன பட்ஜெட், அவர் என்னென்ன வேலை செய்வார், கட்டணம் எவ்வளவு, எப்போது கொடுப்பது, எத்தனை மாதத்துக்கு இந்த ஏற்பாடு, பிடிக்காவிட்டால் எப்படி விலகுவது. எல்லாவற்றையும்விட முக்கியமான வரி இது: 'விற்பவரிடமோ பில்டரிடமோ எந்தக் கமிஷனும் வாங்க மாட்டேன். அப்படி ஏதாவது வந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பேன்.' இந்த வரியில் கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் சண்டை போட வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். கட்டணத்தில் பெரும்பகுதியைப் பத்திரப் பதிவுக்குப் பிறகு தருவதாக வைத்துக்கொள்வது நல்லது. பதிவோடு வேலை முடிவதில்லை. சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்ற வேண்டும், தனி வீடு என்றால் பட்டா மாறுதலும் உண்டு. அதுவரை கூட நிற்க அவருக்கும் ஒரு காரணம் வேண்டுமே.

அவரிடம் கொடுக்கக் கூடாதவையும் உண்டு. உங்கள் பெயரில் கையெழுத்துப் போடும் பவர் கொடுக்காதீர்கள். டோக்கன் அட்வான்ஸை அவர் கணக்குக்கு அனுப்பாதீர்கள், ஓனர் கணக்குக்கே வங்கி மூலம் அனுப்புங்கள், ரசீது வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு நாளைக்குச் சாட்சி கிடையாது. ஆதார், பான் நகல் கேட்டால் எதற்காகத் தருகிறோம் என்று அதன் மேலேயே எழுதி, தேதி போட்டுத் தாருங்கள்.

எல்லா வீட்டுக்கும் ஏஜென்ட் தேவை என்று சொல்லவில்லை. சித்தப்பா வீட்டை வாங்குகிறீர்கள், விலையும் பேசி முடித்தாச்சு என்றால் வழக்கறிஞர் ஒருவர் போதும். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் ஒதுக்கீட்டுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். "வாரிய வீடு நான் வாங்கித் தரேன், ஆள் இருக்காங்க" என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுகளுக்கும் இதேதான். அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஏஜென்டே ஏமாற்றிவிட்டால்? ரெரா பதிவுத் திட்டம் என்றால் பில்டர் மீது மட்டுமல்ல, ஏஜென்ட் மீதும் தமிழ்நாடு ரெராவில் புகார் கொடுக்க முடியும். மறுவிற்பனை வீடு என்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். அந்த ஒரு பக்க ஒப்பந்தம், வாட்ஸ்ஆப் உரையாடல், வங்கிப் பரிமாற்ற விவரம் மூன்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். புகார் கொடுக்கும்போது முதலில் கேட்கப்படுவது அவைதான்.